பிரியாவுக்கு ஒரு பை: ‘ஜோபர்க் சொந்தங்கள்’ குழுவிலிருந்து

பெரியம்மா (சென்னை): எல்லோருக்கும் காலை வணக்கம். டிக்கெட் போட்டாச்சு, அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் வருகிறேன். பிரியா ரிசப்ஷனுக்கு லூயி வித்தோன் பை வேண்டும் என்கிறாள். சாண்ட்டனில் கடை இருக்கிறதாமே? பேரம் பேசினால் எவ்வளவு குறைப்பார்கள்?

பிரவீன்: வித்தோனில் பேரமா பெரியம்மா 😂😂

செல்வி அத்தை: ஏன்டா சிரிக்கிறாய்? கேட்டுப் பார்த்தால் என்ன, காசா பணமா?

நித்யா: வணக்கம் பெரியம்மா. பேரம் நடக்காது. வித்தோனில் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது, பிளாக் ஃப்ரைடே அன்றைக்கும்கூட. வேறு சில பிராண்டுகளில் சீசன் முடியும்போது துணி, செருப்பு மட்டும் குறையும்.

கார்த்தி மாமா: அக்கா, நித்யாவுக்கு டைமண்ட் வாக்கில்தான் வேலை. சாண்ட்டன் சிட்டி மாலுக்குள் 2015-இல் திறந்த பகுதி. மால் 1973-லேயே வந்துவிட்டது. ஒரே நடைபாதையில் எல்லாப் பெரிய பெயரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும்.

நித்யா: மாமா, நான் கடை மாறிவிட்டேனே. இப்போது எதிர்க் கடை.

செல்வி அத்தை: எதிர்க் கடைக்கா!! பழைய ஆட்கள் சும்மா விட்டார்களா?

நித்யா: மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் அத்தை. என்னைக் கூப்பிட்டதே என்னிடம் வாங்குகிறவர்களுக்காகத்தான். இங்கே விலையில் போட்டி போட முடியாது, அது பாரிஸிலோ மிலானிலோ முடிவாகி வருகிறது. சரக்கிலும் முடியாது, அவர்கள் அனுப்புவதுதான். மிச்சம் இருப்பது ஆள். வாங்க வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர், எல்லாக் கடையிலும் அதே முகங்கள். யாருக்கு எந்த அளவு செருப்பு, யார் மனைவிக்கு எப்போது பிறந்தநாள், எந்த நம்பருக்குப் போட்டோ அனுப்பக் கூடாது, இதெல்லாம் தெரிந்திருந்தால்தான் நல்ல சம்பளம்.

பிரவீன்: எந்த நம்பருக்கு அனுப்பக் கூடாது? ஏன்?

நித்யா: வீட்டு நம்பருக்கு. நீ போய்ப் படி.

கார்த்தி மாமா: 🤣 ஆனால் இந்தப் போட்டியே பாதி நாடகம்தான். வித்தோன், டியோர், ஃபென்டி எல்லாம் எல்விஎம்ஹெச் என்ற ஒரே கம்பெனி. கூச்சி, செயின்ட் லோரோன், பொட்டேகா வெனெட்டா எல்லாம் கெரிங் கம்பெனி. நகை, வாட்ச் செய்கிற கார்ட்டியே யார் கையில் தெரியுமா? நம்ம ஊர் ரூபர்ட் குடும்பம். சிகரெட் வியாபாரத்தில் சேர்த்த வெளிநாட்டுச் சொத்தைப் பிரித்து 1988-இல் சுவிட்சர்லாந்தில் ரிஷ்மோன் என்ற கம்பெனி ஆரம்பித்தார்கள். அது கையில்தான் கார்ட்டியே.

நித்யா: நாடகமா? முதலாளி ஒருவரானாலும் கடைக்குக் கடை இலக்கு தனி மாமா. மாதக் கடைசியில் வந்து எங்கள் மேனேஜர் முகத்தைப் பாருங்கள்.

பெரியம்மா (சென்னை): பை எப்படிக் காட்டுவார்கள்? இங்கே நகைக்கடை மாதிரி எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டுவார்களா?

நித்யா: ஐயோ, கொட்டவே மாட்டோம். மேஜையில் மெல்லிய துணி விரித்து, கையுறை போட்டு, ஒரு பையை எடுத்து வைப்போம். அது உள்ளே போன பிறகுதான் அடுத்தது வெளியே வரும். மரியாதைக்காக மட்டும் இல்லை, ஜோபர்க் அல்லவா. வாசலில் கறுப்பு கோட் போட்டு நிற்பவரும் அதற்குத்தான்.

செல்வி அத்தை: கறுப்பு கோட் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் ஒரு கடையில் அப்படி ஒருவன் என் பின்னாலேயே வந்தான். சேலை கட்டியிருந்தேன், கையில் பிளாஸ்டிக் பையில் கறிவேப்பிலை வேறு. திரும்பி நின்று, “தம்பி, உங்களுக்கும் வேண்டுமா?” என்று கேட்டேன்.

பிரவீன்: எந்தக் கடை அத்தை?

செல்வி அத்தை: பெயர் எதற்கு, விடு. உங்கள் மாமாவின் தாத்தா, நம்ம ஆட்கள் இருந்த பேஜ்வியூவில் 14-ஆம் தெருவில் தையல் கடை வைத்திருந்தார். ஊரெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்து துணி வாங்கிய தெரு அது, வெள்ளைக்காரர்களும் சேர்த்து. இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைச் சொல்லி வீட்டை ஊருக்கு வெளியே லெனேஷியாவுக்கு விரட்டினார்கள். கடை வேண்டும் என்றால் ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியன்டல் பிளாஸாவில் எடு என்றார்கள். 70-களில் நடந்தது. வாடகை கட்டுப்படியாகாது என்று அவர் எடுக்கவே இல்லை. அந்தக் கோபத்திலும் மாமா பிளாஸாவில்தான் துணி வாங்குவார். அங்கே “கடைசி விலை சொல்லுங்கள்” என்றால் இன்றைக்கும் இறங்கும்.

பெரியம்மா (சென்னை): அப்போ என் பட்டு ஜாக்கெட்டை அங்கே தைக்கலாமா செல்வி? இங்கே டெய்லர் இழுத்தடிக்கிறான்.

செல்வி அத்தை: கொண்டு வாங்க அக்கா, இரண்டே நாளில் வாங்கித் தருகிறேன்.

கார்த்தி மாமா: பைக்கு வருவோம். பேச்சுக்கு 40,000 ராண்ட் என்று வையுங்கள் அக்கா. அதற்குள் 15 சதவீத வாட் அடக்கம், அதாவது 5,217 ராண்ட். நீங்கள் சுற்றுலாவாக வந்து வாங்கினால் கமிஷன் போக அது திரும்பி வரும். நான் இங்கேயே குடியிருப்பதால் எனக்குக் கிடையாது.

நித்யா: பில்லில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், 5,000 ராண்டுக்கு மேல் என்றால் கட்டாயம். வாங்கி 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முக்கியமானது, ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்னால் கஸ்டம்ஸில் பையைக் காட்ட வேண்டும். பெட்டிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். சென்னையில் இறங்கியதும் அங்கே சுங்கம் கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

பிரவீன்: பாரிஸ் பைதான் வேண்டுமா? நம்ம டிசைனர் தேபே மகுகு இருக்கிறாரே! கிம்பர்லிக்காரர். 2019-இல் எல்விஎம்ஹெச் பரிசு வாங்கினார், ஆப்பிரிக்காவிலிருந்து அவர்தான் முதல் ஆள். டன்கெல்டில் அவர் கடை இருக்கிறது. இல்லாவிட்டால் மாகோசா பிராண்ட். கோசா இன மக்களின் மணி வேலைப்பாட்டைக் கம்பளியிலும் மொஹேர் என்ற ஆட்டு ரோமத்திலும் பின்னுகிறார்கள். உலக மொஹேரில் பாதி நம்ம நாட்டு ஆடுதான் தருகிறது.

செல்வி அத்தை: ஆட்டு ரோமத்தைச் சென்னை வெயிலில் போட்டுக்கொண்டு மணமேடையில் நிற்கச் சொல்கிறாயா?

நித்யா: 😂 தோலும் இங்கிருந்துதான் போகிறது அத்தை. ஔட்ஸ்ஹோர்ன் பக்கத்துத் தீக்கோழித் தோல் ஐரோப்பாவுக்குப் போய்ப் பையாகி, வரி கட்டி இங்கேயே திரும்பி வருகிறது. எங்கள் கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

பெரியம்மா (சென்னை): 40,000 ராண்ட் நம்ம ரூபாயில் எவ்வளவு?

கார்த்தி மாமா: இரண்டு லட்சத்துக்குப் பக்கம் வரும்.

பெரியம்மா (சென்னை): கார்த்தி, பிரியா அப்பாவிடம் நீ பேசு.

கார்த்தி மாமா: நானா? அத்தான் என்னைத் தொலைத்துவிடுவார். முதலில் பார்ப்போம், வாங்குவது அப்புறம்.

செல்வி அத்தை: சரி, 16-ஆம் தேதி காலை பிளாஸா, ஜாக்கெட் கொடுத்துவிட்டுச் சாண்ட்டன். காரைப் பார்க்கிங்கில் போட்டுத் தேடுவதற்குப் பதில் பார்க் ஸ்டேஷனில் விட்டுவிட்டு கௌட்ரெயின் ரயிலில் போவோம்.

நித்யா: நான் வேறு கடை, ஆனாலும் வித்தோனில் தோழி இருக்கிறாள், சொல்லி வைக்கிறேன். என் கடைக்கு 2 மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் வருகிறார். வந்ததும் எல்லோர் முன்னாலும் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிடாதீர்கள் பெரியம்மா.

பெரியம்மா (சென்னை): சரி கண்ணு.