80-ஐத் தாண்டினால் ஜீப் உதறுகிறது

வாலிநோக்கத்தில் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றுகிற ஃபோர் வீல் ஜீப். கீழக்கரை ரோட்டில் 70 வரை வெண்ணெய் மாதிரி போகிறது. 80-ல் ஸ்டியரிங் கையில் உதறுகிறது, 95-ல் குறைகிறது. போன வாரம் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தும் பலனில்லை. இப்போது நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா அண்ணே?

பதில் 1:
காசை எடுக்காதீங்க தம்பி. அலைன்மெண்ட் கோளாறு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகிற உதறல் பெரும்பாலும் பேலன்ஸ் கோளாறுதான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், சீட் ஆடினால் பின் சக்கரம். முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஈர மணல் ஒட்டிக் காய்ந்திருக்கும். மண்டபத்தில் எனக்கு அப்படித்தான், ஒரு கொட்டாங்கச்சி அளவு மணல்! அதைச் சுரண்டாமல் பேலன்ஸ் செய்வதும் வீண்.

பதில் 2:
அப்படியும் நிற்காவிட்டால் முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டுங்கள். உதறலும் சீட்டுக்கு வந்தால் டயர் அல்லது ரிம். ஜாக்கி வைத்துச் சுழற்றினால் ரிம் நெளிவு கண்ணுக்கே தெரியும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். மணலுக்காகக் காற்றைக் குறைத்திருந்தால், தார் ரோடு ஏறுமுன் நிரப்பிவிடுங்கள்.

கேட்டவர்:
வலது முன் ரிம்மில் கைப்பிடி மணல், பேலன்ஸுக்காக ரிம்மில் மாட்டும் ஈயத் துண்டு ஒன்றையும் காணோம். கழுவி பேலன்ஸ் செய்தாச்சு. ஏர்வாடி வரை 90-ல் போனேன், ஸ்டியரிங் அசையவில்லை. ஐஸ் பெட்டி மட்டும் சத்தம் போடுகிறது, அது பழைய கதை.