புரொப்பெல்லர் இதழில் சிறு சேதம்: முல்லைத்தீவுக் கரையில் கண்டவை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை நம்மில் பெரும்பாலானோர் மணற்கரையிலிருந்தே கண்ணாடியிழைப் படகுகளைத் தள்ளி இறக்குகிறோம். ஆதலால் மண்ணெண்ணெய் எஞ்சினின் அலுமினியப் புரொப்பெல்லர் (நீரைத் தள்ளிப் படகை ஓட்டும் விசிறி) மணலில் உரசாத படகு இங்கு அரிது. மணலால் வரும் தேய்மானம் மூன்று இதழ்களிலும் ஏறத்தாழ ஒரே அளவாக நிகழ்கிறது. முழு வேகத்தில் எஞ்சின் முன்னையைவிடக் கூடுதலாகச் சுற்றினாலும் படகின் ஓட்டம் சிறிது குறையும். பெரிய ஆபத்து உடனே இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது ஒரே ஓர் இதழில் ஏற்படும் வளைவுதான்.

நாயாற்று முகத்துவாரத்தில் என் மைத்துனரின் படகு நீருக்குள் கிடந்த மரக்குற்றி ஒன்றில் மோதியது. ஓர் இதழின் விளிம்பு சற்றே மடிந்திருந்தது. படகு ஓடியதால் அவர் தொழிலை நிறுத்தவில்லை. ஆனால் எஞ்சின் கைப்பிடியில் முன்பு இல்லாத அதிர்வு தொடர்ந்து இருந்தது. ஓர் இதழ் மட்டும் தண்ணீரை வேறுவிதமாகத் தள்ளும்போது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுபடுவதால், அந்த அடியைத் தாங்குபவை கியர்ப் பெட்டியின் பேரிங்குகளும், எண்ணெய் கசியாமலும் நீர் புகாமலும் அடைக்கும் எண்ணெய் சீல்களுமே. சில வாரங்கள் கழித்து கியர் எண்ணெயை வடித்தபோது அது பால்போல் வெளுத்திருந்தது. கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. புரொப்பெல்லரைக் கழற்றியபோது அதன் பின்னால் தங்கூசி எனும் நைலான் மீன்பிடி இழையும் சுற்றிக் கிடந்தது. இழைதான் சீலை அறுத்தது என்றார் பட்டறைக்காரர். அதை நான் மறுக்கவில்லை. எனினும் அதிர்வும் அதற்குத் துணைபோயிருக்கும் என்றே கருதுகிறேன். மோதிய அன்றே கழற்றிப் பார்த்திருந்தால் இதழின் மடிப்பு, இழை இரண்டும் கண்ணில் பட்டிருக்கும்.

மடிந்த விளிம்பு இன்னொரு கேட்டையும் செய்கிறது. அதன் பின்னால் நீரின் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. அவை உடையும்போது உலோகத்தை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்குவதால், சேதம் தானாகவே வளர்கிறது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 340 ரூபாயாக உயர்ந்தபோது நாம் பட்ட பாட்டை நினைத்தால், இப்படிச் சேதமான இதழால் வீணாகும் எரிபொருளைச் சிறிதென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரணைதீவுப் பக்கம் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் சிக்கல் வேறு வகையானது. எஞ்சின் இரைந்தது, படகு நகரவில்லை. இதழ்களை அரத்தால் தேய்த்தும் பயன் இல்லை. இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்தின் உள்ளே, தண்டின் சுழற்சியை இதழ்களுக்குக் கடத்தும் ரப்பர் புஷ் வழுக்கியதே காரணம். உள் உலோகக் குழாயிலிருந்து வெளிக்குடம் வரை நேர்கோடு ஒன்றைக் கீறிவிட்டு, சுமையோடு ஓடிப் பார்த்தோம். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. அத்தகைய புரொப்பெல்லரை நம்பி ஆழ்கடலுக்குச் செல்லக் கூடாது.

விளிம்பில் சிறு வெட்டு மட்டும் இருந்தால், நன்றாகக் கழுவி, நுண்ணரத்தால் மென்மையாக்கி, மற்ற இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதிகம் தேய்த்தால் அதுவே சமநிலையைக் கெடுக்கும். வளைவைக் கரையில் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் குளிர்ந்த அலுமினியம் அடிவாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உருவாகலாம். அளவு பார்த்துச் சமநிலைப்படுத்தத் தெரிந்த பட்டறையிடமே அதைக் கொடுக்க வேண்டும். இதழ் குடத்தோடு சேரும் அடிப்பகுதியில் வெடிப்புக் கண்டால் புதியது வாங்குவதே சரி. அந்த இடத்தில் வைக்கும் ஒட்டு முழு விசையையும் தாங்கும் என்று நான் நம்புவதில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் கரையேறிக் கிடக்கும் நாட்களே இவற்றைச் செய்ய ஏற்றவை. மீண்டும் பூட்டும்போது தண்டில் கிறீஸ் பூசி, வாஷர்களை அதே ஒழுங்கில் இட்டு, நட்டைப் பூட்டும் ஊசியைப் புதிதாகவே போடுங்கள். பழைய புரொப்பெல்லர் பயன்படும் நிலையில் இருந்தால், நட்டைக் கழற்றும் சாவியோடு படகிலேயே வைத்திருங்கள்.