புதுப்பிப்பு: சிவப்பு ஓக் பலகையின் தரக் குழப்பம் தீர்ந்தது

சமையலறை அலமாரிக் கதவுகளுக்குச் சிவப்பு ஓக் மரப்பலகையில் எஃப்.ஏ.எஸ். (மிக உயர்ந்த தரம்) தான் வேண்டுமா, அதற்குக் கீழான நம்பர் 1 காமன் தரம் போதுமா என்று கேட்டிருந்தேன்; வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. பலகையின் இரு முகங்களில் மோசமானதைப் பார்த்து, முடிச்சு, வெடிப்பு போன்ற குறையற்ற துண்டுகள் எவ்வளவு கிடைக்கும் என்று அளக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. அமெரிக்கக் கடின மரப்பலகைச் சங்கமான என்.எச்.எல்.ஏ.வின் தர விதிப்படி, ஓர் அங்குல அகலமும் ஓரடி நீளமும் ஓர் அலகு என்பதால், 8 அங்குல அகலமும் 12 அடி நீளமும் உள்ள பலகையின் 96 அலகுகளில் எஃப்.ஏ.எஸ். தரத்துக்குக் குறையற்றவை 80 தேவை, காமனுக்கு 64 போதும். 4 அங்குல அகலத் துண்டு முன்னதில் 5 அடியாவது நீள வேண்டும். பின்னதில் 2 அடி போதும். என் கதவுச் சட்டங்கள் 2 அடியைத் தாண்டாததால் காமனே வாங்கினேன். எதிர்பாராதது ஒன்று: வைரத்தை (மரத்தின் நடுவிலுள்ள அடர்நிறப் பகுதியை) சுற்றியுள்ள வெளிர்ப்பகுதியை இந்த விதி குறையாகக் கொள்வதில்லை என்பதால், நிறம் ஒத்த பலகைகளை நானே பொறுக்க வேண்டியிருந்தது.