தங்கை மகளின் பாதுகாப்பு: எந்த வழியில் முதலில் செல்வது?

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய எட்டு வயது மகள் தந்தையோடு வசிக்கிறாள். பல நாட்கள் பள்ளிக்கு அனுப்பப்படாமல், இரவு வெகுநேரம் வரை தனியாகப் பூட்டி வைக்கப்படுவதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சென்ற வாரம் நான் பார்த்தபோது அவள் கையில் தடிப்புகள் இருந்தன.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் தெரிவித்தால் தகவல் குழந்தைகள் நலக் குழுவுக்குச் செல்லும் என்பதையும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அக்குழு விசாரித்துக் குழந்தையைத் தகுதியுள்ள உறவினரிடம் ஒப்படைக்க உத்தரவிடலாம் என்பதையும், பொறுப்பில் இருப்பவரே துன்புறுத்தினால் 75ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் அறிவேன். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் குடும்ப நல நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். தந்தையே இயற்கைப் பாதுகாவலர் என்றாலும், குழந்தையின் நலனே முதன்மையானது என்பதைத்தான் நம்பியிருக்கிறேன்.

குழுவின் விசாரணை நடக்கும்போதே நீதிமன்றத்தில் மனு செய்யலாமா? தடிப்புகளுக்கு அரசு மருத்துவமனையில் சான்று பெறத் தந்தையின் சம்மதம் தேவையா? அவரைச் சிறைக்கு அனுப்புவது என் நோக்கமன்று. பிள்ளை என் அம்மாவிடம் வளர்ந்தால் போதும். இவ்வழியில் சென்ற அனுபவமுள்ளவர்களும் வழக்கறிஞர்களும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.