புதுப்பிப்பு: குடியாத்தம் கோப்பு கிடைத்துவிட்டது

தாத்தாவின் கிராமம் பற்றிய 1900 வாக்கிலான நிலவரிக் கோப்பை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எப்படித் தேடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது!

‘வேலூர் மாவட்டம்’ என்று தேடியதுதான் என் தப்பு. அப்போது அந்தப் பெயரில் மாவட்டமே கிடையாது. குடியாத்தம் தாலுகா வட ஆற்காட்டில் இருந்தது. 1911 வரை மாவட்டத் தலைமையிடமும் சித்தூர்தான். வேலூர்க்காரனான எனக்கே இது தெரியவில்லை, என்ன சொல்ல!

அப்புறம், எடுத்த எடுப்பில் கோப்பைக் கேட்காதீர்கள். முதலில் அந்த வருடத்துக் கோப்புகளின் அட்டவணையை (index) புரட்டி, துறை, எண், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எனக்கு ‘வருவாய் வாரிய நடவடிக்கைகள்’ (Board of Revenue Proceedings) என்ற ஆவணத் தொகுப்பில்தான் சிக்கியது. ஏரிப் பாசனத் தகராறு ஒன்றும் அதிலேயே இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.