புதுப்பிப்பு: பழைய .22 ரைஃபிளில் குண்டுகள் சிதறிய பிரச்சினை தீர்ந்தது

என் பழைய .22 ரைஃபிளில் (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) 50 மீட்டரில் குண்டுகள் இலக்குத்தாள் முழுக்கச் சிதறுகின்றன, குழலையே மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. குழல் தப்பித்தது!

முதலில் குழலை மரக்கட்டையோடு பிடிக்கும் திருகுகளை இறுக்கினேன், பெரிய மாற்றமில்லை. அடுத்து, அதிவேகத் தோட்டாவை விட்டு ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ போடச் சொன்ன யோசனை. அதுதான் பலித்தது. இந்தக் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர், ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவு. அதிவேகக் குண்டோ ஒலியை மிஞ்சிக் கிளம்பி, வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். இப்போது ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்குகின்றன.

எதிர்பாராதது ஒன்று: குழலைத் துடைத்ததும் முதல் பத்துக் குண்டுகள் மறுபடி அலைந்தன. ஈயக் குண்டின் மெழுகுப்பூச்சு உள்ளே படிந்த பிறகே அடங்கின. ஒவ்வொரு முறையும் பளபளவென்று துடைத்தது என் தப்பு.

சத்தம் குறைவு, உதையும் இல்லை. இந்தக் கிழட்டு ரைஃபிளை விற்கிற எண்ணத்தைக் கைவிட்டாச்சு.