புதுப்பிப்பு: அப்பத்தாவும் தங்கச்சியும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள்

ஜெர்மனியில் படிக்கும் தங்கச்சியின் குரலைக் கேட்க முடியாமல் உசிலம்பட்டியில் அப்பத்தா ஏங்கிப் போயிருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

சிக்கல் கடிகாரத்தில்தான். கோடையில் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதால் அது நாலரை ஆகிவிடுகிறது. வகுப்பு முடிந்து மாலை 5 மணிக்கு அவள் கூப்பிட்டால் இங்கே இரவு 9.30. அப்பத்தா எட்டரைக்கே படுத்துவிடும்.

நீங்கள் பலர் சொன்னபடி வாட்ஸ்அப் குரல்பதிவுக்கு மாறினோம். காலையில் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா பேசும். நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். "ஆத்தா, சாப்பிட்டியா? இங்க மழையே இல்ல. செவல கன்னு போட்டுருச்சு." பின்னால் சேவல் கூவுவதும் பதிவாகிவிடும். டிராமில் போகும்போது அந்தச் சேவலுக்காகவே இரண்டு முறை கேட்கிறாளாம். அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஞாயிறு மட்டும் பகல் 1 மணிக்கு வீடியோ அழைப்பு. அங்கே காலை 8.30. போன வாரம் கன்றுக்குட்டியைக் காட்டினோம். பேர் தங்கச்சிதான் வைக்க வேண்டும், அதுவரை வேறு யாரும் ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.